பொன்னையாவின் தேகாப்பியாசக் கார்டு

பொன்னையா செய்த குற்றம் லீவு கேட்டது. அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் அவர் எந்தக் குற்றமும் செய்ததில்லை. நான் மேற்பிட்டித் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். யார் எந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்று பேர் போடுகிற செக்ரோல் என் மேசையில்தான் இருக்கிறது. ஆகவே ஆதாரத்தோடுதான் சொல்கிறேன்.

எண்பத்தைந்தாம் வருடம் மாசி மாதத்தில் அவர் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். எங்கள் தோட்டத்தில் தொழிலாளிகளுக்கு ஜன்னல்தான் வாசல்.

"கிளாக்கரையா, ஏழு நாளு லீவு வேணுங்க."

"எதுக்கு?"

"மக சந்திரகாந்தாவுக்கு ஆம்பளப் புள்ள பொறந்து ரெண்டு மாசமாச்சு. அலுவிகாரையில இருக்கு. போயி ஒரு வாட்டி கையில தூக்கிப் பாத்துட்டு வந்துர்றேங்க."

"தூக்கிப் பாக்க ஏழு நாளா?"

"மொத நாளு அழுவுங்க. பழகணுமில்லைங்களா."

இரத்தோட்டைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்திலிருந்து அலுவிகாரை இரண்டு பஸ் தூரம். முந்திய வருடமாக இருந்தால் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்து அன்றைக்கே அனுப்பியிருப்பேன். கடிதம் இல்லாமல் போக முடியாது. வழியில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டை கேட்பார்கள். அடையாள அட்டைக்குப் பிரஜாவுரிமை வேண்டும். பொன்னையாவை இந்தியா வேண்டாமென்று சொல்லிவிட்டது. இலங்கை பதினேழு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தது. இடையில் அவர் கவ்வாத்துக் கத்தியோடு எங்கள் மலையில் தேயிலைச் செடிகளை வெட்டிக்கொண்டிருந்தார். அதற்கு யாரும் பிரஜாவுரிமை கேட்கவில்லை.

ஆனால் அந்த வருடம் சபை வந்துவிட்டது.

அதன் முழுப்பெயர் விடுமுறைக்காலத் தேகாரோக்கிய அதிகார சபை. அது பிறந்த கதை சுருக்கமானது. கொழும்பில் ஒரு பெரிய மனிதர் குடும்பத்தோடு சுவிஸ் நாட்டுக்கு மூன்று வாரம் விடுமுறை போனார். திரும்பி வந்தபோது சட்டைப் பொத்தான் பூட்டவில்லை. போன இடத்தில், ஹோட்டல் அறைக்குள்ளேயே செய்யக்கூடிய ஐந்து எளிய தேகாப்பியாசங்கள் பற்றி ஒரு சிறு புத்தகம் கொடுத்திருந்தார்கள். அவர் அதைச் செய்யவில்லை, வாசித்தார். வாசித்ததும் விடுமுறையால் தேசத்துக்கு வரும் ஆபத்து அவருக்கு விளங்கியது. ஒரு சபையை உண்டாக்கி அதற்குத் தலைவரானார். இந்தத் தேசத்தில் அதிகம் பேர் வேலை செய்யும் இடம் தோட்டம். ஆகவே அதிக ஆபத்தும் தோட்டத்தில்தான் என்று கணித்தார். லீவு என்றால் கலியாணம், கருமாதி, காய்ச்சல் என்ற மூன்றை மட்டுமே அறிந்த எங்கள் சனத்தின் மேல் சுவிஸ் நாட்டுப் புத்தகம் இப்படித்தான் வந்து விழுந்தது.

விதிகள் எளிமையானவை. மூன்று நாளுக்கு மேல் லீவு எடுப்பவர் சபையில் பதிய வேண்டும். படம் ஒட்டிய கார்டு ஒன்று கொடுப்பார்கள். லீவு நாட்களில் தினமும் காலை ஏழு மணிக்கு முன் ஐந்து பயிற்சிகளையும் செய்து, அரச உத்தியோகத்தர் ஒருவரிடமோ ஹோட்டல் முகாமையாளர் ஒருவரிடமோ சாட்சிக் கையொப்பம் வாங்க வேண்டும். கார்டு பூர்த்தியாகாமல் திரும்பினால் செக்ரோலில் பேர் வெட்டப்படும்.

பேர் வெட்டினால் தோட்டம் கொடுத்த ஒற்றையறை வீடான காம்பராவை விட வேண்டும். பொன்னையாவின் மனைவி வேலம்மா கால் வீக்கத்தால் மலைக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருடமாயிற்று. வரிசை வீடுகளான லயத்தில் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா பொன்னையா ஒருத்தரின் பேரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பேர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்போம். சொன்ன அளவு வெட்டினால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். பொன்னையாவுக்கு இருபத்தெட்டு வருடத்தில் அரைப்பேர் விழுந்தது நாலு தரம். நாலும் காய்ச்சல் நாட்கள்.

புத்தகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவன் நான்தான். 'லிப்டைத் தவிர்த்துப் படிகளில் ஏறவும்' என்று ஒரு விதி. இரத்தோட்டை முழுக்க ஒரு லிப்டும் இல்லாதபடியால் எங்கள் ஆட்கள் அந்த விதியை நூற்றுக்கு நூறு கடைப்பிடிப்பதாக மாதாந்த அறிக்கையில் எழுதினேன். சபையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

சபையின் மாத்தளை உத்தியோகத்தர் பெயர் மாணிக்கவாசகம். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக்கு வந்தார். தப்படித்து எல்லாரையும் பிரட்டுக்களத்துக்கு வரவழைத்தோம். வழக்கமாக வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமையில் தப்புச் சத்தம் கேட்டதும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பாதிப் பேர் வாய்க்கரிசியோடு வந்தார்கள். ஜீப்பிலிருந்து மாணிக்கவாசகத்தை இறக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

"அன்பார்ந்த தோட்ட மக்களே," என்றார் நாற்காலியில் உட்கார்ந்தபடி. "உங்கள் பெரிய எதிரி யார்? பட்டினியா? இல்லை. பட்டினி உடலை மெலிவாக வைத்திருக்கிறது. அட்டைப்பூச்சியா? இல்லை. அது கெட்ட இரத்தத்தைத்தான் குடிக்கிறது. உங்கள் பெரிய எதிரி ஓய்வு. வேலை நாட்களில் உங்களை அசைய வைக்கத் தொரை இருக்கிறார், கங்காணி இருக்கிறார். விடுமுறையில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. இதை நினைத்துத் தலைவர் அவர்கள் கண் கலங்கினார்."

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையை எங்கள் சனம் அறியும். ஆனாலும் மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

பொன்னையா எழுந்து நின்றார். சந்தேகம் கேட்கலாம் என்று மாணிக்கவாசகம் சொல்லியிருந்தபடியால் கேட்டார். "ஐயாவும் இத தெனம் செய்யிறீங்களா?"

"நான் விடுமுறையில் இல்லை. கடமையில் இருக்கிறேன்," என்றார் மாணிக்கவாசகம்.

அன்றைக்கே பொன்னையாவை அளந்தார்கள். சபையின் அளவுநாடா முப்பது அங்குலத்திலிருந்துதான் தொடங்கியது. அதற்குக் கீழே இடுப்பு இருக்குமென்று கொழும்பில் யாரும் எதிர்பார்க்கவில்லை. கயிற்றால் அளந்து இருபத்தாறு என்று எழுதினார்கள். நாடித் துடிப்பு அறுபத்திரண்டு. மாணிக்கவாசகம் அந்த இடுப்பை நீண்ட நேரம் பார்த்தார். "இதைக் கெடுத்துக்கொண்டு வராதே," என்றார்.

படத்துக்கு இரத்தோட்டை ஸ்டூடியோவுக்குப் போனார்கள். பொன்னையாவின் வாழ்க்கையில் அதுதான் முதல் படம். வேலம்மா தேங்காயெண்ணெய் வைத்துத் தலை வாரிவிட்டார். படத்தில் பொன்னையா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கார்டு வந்த அன்று வேலம்மா அதை லயம் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார்.

"அரசாங்கம் எங்க ஆளுக்குப் படம் ஒட்டி, முத்திர குத்திக் குடுத்திருக்கு," என்றார். பதினேழு வருடம் காத்திருந்து கிடைத்த முதல் தாள் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. நானும் அதைத் திருத்தவில்லை. தொரையும், "படம் ஒட்டின கார்டு இருக்கும்போது கடிதம் எதற்கு?" என்று சொல்லிவிட்டார்.

ஆறு வாரம் கழித்து லீவு கிடைத்தது.

அலுவிகாரையில் சந்திரகாந்தாவின் வீடு பெருந்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை அறை. மருமகன் மிளகுக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன். பொன்னையா லீவுக்கு முந்திய நாள் பின்னேரமே போய்ச் சேர்ந்து முதலில் குழந்தையைப் பார்த்தார். குழந்தை அவரைப் பார்த்து அலறியது. இரண்டாவதாகச் சாட்சி தேடினார். அந்தப் பகுதியில் அரச உத்தியோகத்தர் யாரும் காலை ஏழு மணிக்கு முன் எழும்புவதில்லை. ஹோட்டல் மட்டும் ஒன்று இருந்தது. உட்கார மூன்று வாங்கு, ஒரு அடுப்பு, ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் நாலு வாய்ப்பன். வெளியே 'மஹ்ரூப் ஹோட்டல்' என்று பலகை.

"ஹோட்டல் மெனேஜர் நீங்கதானுங்களா?" என்று பொன்னையா கேட்டார்.

"மெனேஜரும் நான்தான், டீ ஊத்துறதும் நான்தான், கோப்ப கழுவுறதும் நான்தான். என்னா வேணும் அண்ணே?"

பொன்னையா கார்டைக் கொடுத்தார். மஹ்ரூப் நானா அதை முன்னும் பின்னும் வாசித்தார்.

"அப்ப நீங்க லீவுல வந்தும் வேல செய்யோணும். நான் அத பாத்துக்கிட்டு ஈக்கோணும்." கார்டைத் திருப்பிக் கொடுத்தார். "இந்த நாட்டுல ஒரு மனிசனுக்குச் சும்மா ஈக்க ஏலாது போல. சரி, காலையில வாங்க. டீயும் தாரன், ஒப்பமும் வெக்கிறன்."

மறுநாள் காலையில் தொடங்கினார். இருபத்தெட்டு வருடம் மலை ஏறி இறங்கிய மனிதர், மலை இல்லாத ஊரில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க முயன்றார். முதல் பயிற்சி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் இரண்டு நிமிடம் உயர்த்தி வைப்பது. இரண்டாவது, ஒற்றைக் காலில் ஒரு நிமிடம். மூன்றாவது, ஹோட்டல் படி ஏறுவது. மஹ்ரூப் ஹோட்டலுக்கு ஒரு படிதான், அதனால் தெருவோரத்து மண்மேட்டில் பதினெட்டுத் தரம் ஏறி இறங்கினார். நாலாவது, அறையிலுள்ள கம்பளத்தில் குப்புறப் படுத்து முழங்கையால் பத்தடி ஊர்வது. கம்பளம் இல்லாதபடியால் தெருவுக்கும் ஹோட்டலுக்கும் இடையிலிருந்த புல்லில் ஊர்ந்தார். ஐந்தாவது, பயணப்பெட்டியை நிரப்பி இருபது இறாத்தல் பாரமாக்கிப் பன்னிரண்டு தரம் தூக்கி இறக்குவது. பெட்டிக்குப் பதிலாக மஹ்ரூப் நானா ஒரு சீனிச் சாக்கு கொடுத்தார். பொன்னையா அதில் கல்லைப் போட்டு, ஹோட்டல் தராசில் சரியாக இருபது இறாத்தல் நிறுத்துக் கட்டினார். ஒரு கல் குறைத்துப் போடலாமென்று அவருக்குத் தோன்றவேயில்லை. சாட்சிக் கையொப்பத்தை மஹ்ரூப் நானா சிவப்பு மைப் பேனாவால் போட்டார்.

இரண்டாம் நாள் குழந்தை அழவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் அவரைப் பார்த்துச் சிரித்தது.

"நாளைக்குக் காலம்பற தூக்குங்கப்பா. இன்னும் கொஞ்சம் பழகட்டும்," என்றாள் சந்திரகாந்தா.

நாலாம் நாள் காலையில் குழந்தை முழித்திருந்தது. பொன்னையா கையை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டார். ஏழு மணிக்கு முன் கார்டு நிரம்ப வேண்டும். "செஞ்சிட்டு வந்து தூக்குறேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஆறரை மணிக்கு ஓர் இராணுவ லொறி அந்தத் தெருவால் வந்தது. வடக்கில் சண்டை நடந்த அந்த நாட்களில் லொறியில் வருகிறவர்களுக்கு ஒவ்வொரு பற்றைச் செடிக்குள்ளும் ஆள் தெரியும். அன்றைக்கு உண்மையாகவே ஓர் ஆள் இருந்தார். பனி ஈரமான புல்லில், தெருவுக்குச் சமாந்தரமாக முழங்கையால் ஊர்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் கட்டிய சாக்கு ஒன்று கிடந்தது.

லொறியிலிருந்து இறங்கிய அதிகாரியோடு பேச்சு சிங்களத்தில் நடந்தது. மஹ்ரூப் நானா பிறகு எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன்.

"சாக்கில் என்ன?"

"கல்லுங்க."

"எதற்கு?"

"தூக்குறதுக்கு."

"தூக்கி எங்கே கொண்டுபோக?"

"எங்கயும் இல்லைங்க. தூக்குறது, அதே எடத்துல எறக்கி வைக்கிறது. பன்னெண்டு தரம்."

"யார் சொன்னது?"

"அரசாங்கந்தாங்க."

அதிகாரி அறைந்தார். பொன்னையாவுக்கு அப்போதுதான் கார்டு ஞாபகம் வந்தது. கார்டு இருந்தும் காட்டாமல் நின்றது தன் பிழைதான் என்று நினைத்தார். பொலித்தீன் பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அதிகாரி வாசித்தார். உயரம் ஏறுதல், பதினெட்டுத் தரம். முழங்கையால் ஊர்தல், பத்தடி. பாரம் தூக்கல், இருபது இறாத்தல். நாடி அறுபத்திரண்டு. ஒவ்வொரு நாளுக்கும் சிவப்பு மையில் சாட்சி.

"படத்தோடும் கணக்கோடும் வந்து அகப்பட்டவனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்," என்றார் அதிகாரி.

மஹ்ரூப் நானா ஓடிப்போய், "அது நான் வெச்ச ஒப்பம் சேர்," என்று உண்மையைச் சொன்னார். அவரையும் ஏற்றினார்கள். பின்னேரம் அவரை விட்டுவிட்டார்கள். சிவப்பு மைப் பேனாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

செய்தி வந்ததும் வேலம்மாவைக் கூட்டிக்கொண்டு மாத்தளையில் சபையின் கந்தோருக்குப் போனேன். அது மூன்றாம் மாடி. வீங்கிய காலோடு வேலம்மா ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். மேலே போனதும், மாணிக்கவாசகம் ஐயாவுக்கு மூட்டு வலி, அவர் கீழே தையல்கடையில் இருந்துதான் அலுவல் பார்ப்பார் என்றார்கள். மறுபடி இறங்கினோம்.

"ஐயா, நீங்க சொன்னதத்தான் அவுங்க செஞ்சாங்க," என்றார் வேலம்மா. "நாங்கதான் செய்யச் சொன்னோம்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா விட்டுருவாங்க."

மாணிக்கவாசகம் ஒரு கோப்பைத் திறந்தார். "சபை சான்று கொடுப்பது பூர்த்தியான கார்டுக்கு மட்டும். உன் புருஷன் மூன்று நாள்தான் செய்திருக்கிறான். நாலாம் நாள் பாதியில் நிறுத்தியிருக்கிறான்."

"நிறுத்தலைங்க. புடிச்சிட்டுப் போயிட்டாங்க."

"காரணம் எழுதக் கார்டில் இடமில்லை."

"உள்ள போட்டு அடிக்கிறாங்களாம் ஐயா."

மாணிக்கவாசகம் கோப்பை மூடினார். "அப்படியென்றால் உடம்பு அசையாமல் கிடக்கவில்லை. அந்தமட்டில் நல்லது."

வேலம்மா அவருடைய காலில் விழுந்தார். மாணிக்கவாசகம் கல்நெஞ்சக்காரர் அல்ல. விதிக்குள்ளேயே ஒரு வழி கண்டுபிடித்தார். பொன்னையாவை வைத்திருந்த இராணுவ முகாமின் அதிகாரியும் அரச உத்தியோகத்தர்தானே. 'மேற்படி நபரின் எஞ்சிய பயிற்சிகளைத் தங்கள் மேற்பார்வையில் செய்வித்து, கார்டில் சாட்சிக் கையொப்பமிட்டு உதவவும்' என்று ஒரு கடிதம் சொன்னார். சபையின் தட்டெழுத்தாளர் லீவில் போயிருந்தபடியால் நான்தான் அடித்தேன். மூன்று பிரதி. ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. அந்தக் கடிதத்தை அடித்த விரல்களை நான் இன்றைக்கும் வைத்துக்கொண்டுதான் சோறு சாப்பிடுகிறேன்.

ஏழு நாள் லீவு முடிந்தது. எட்டாம் நாள் தொரை, "ஆள் வரவில்லை, பேரை வெட்டு," என்றார். அடிமட்டம் வைத்து நேராகக் கோடு போட்டு வெட்டினேன். சபையின் முடிவு தெரியும்வரை காம்பராவில் வேலம்மா இருக்கலாம் என்று ஒரு சலுகை.

பிடித்துப்போன ஏழாம் மாதம் பொன்னையாவை விட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகு எதற்கு வைத்திருந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. அலுவிகாரை வழியாகத்தான் பஸ் வந்தது; அவர் இறங்கவில்லை. நேராக ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து, இடது கையால் கார்டை நீட்டினார்.

"முழுசா இருக்கான்னு பாருங்க கிளாக்கரையா."

முழுசாக இருந்தது. ஓர் இடம்கூட வெறுமையாக இல்லை. முகாம் அதிகாரி ஒழுங்கான மனிதர்; நாலு நாள் கேட்டதற்கு ஏழு மாதமும் எழுதி, தாள் போதாமல் தாள் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்தியிருந்தார். கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தல்: இலக்கு இரண்டு நிமிடம், செய்தது ஐந்து மணித்தியாலம். ஒற்றைக் காலில் நிற்றல்: இலக்கு ஒரு நிமிடம், செய்தது ஒரு பகல். ஊர்தல்: இலக்கு பத்தடி, செய்தது மைதானம் மூன்று சுற்று. பாரம் தூக்கலில் மட்டும் சிறிய மாற்றம். பாரத்தை இவர் தூக்குவதற்குப் பதிலாக இவரை அவர்கள் தூக்கியிருந்தார்கள். உத்திரத்துக்கு, வலது கையில் கயிறு கட்டி.

நான் கார்டைச் சபைக்கு அனுப்பினேன். அதில் என்ன எழுதியிருக்கிறதென்று யாராவது வாசிப்பார்கள் என்று நினைத்தேன். வாசித்தார்கள். மூன்றாம் நாள் தந்தி வந்தது. இலக்கைத் தாண்டிய முதல் விடுமுறையாளர் எங்கள் தோட்டத்தில் இருப்பதால் தலைவர் அவர்களே பரிசு கொடுக்க வருகிறார் என்று இருந்தது. வெட்டின பேரைத் திரும்பப் போட வேண்டுமானால் தகுதிப் பரீட்சை வைக்க வேண்டுமென்பதால், ஜீப்புக்குப் பெற்றோல் மிச்சம் பிடிக்க அதையும் அன்றைக்கே வைக்கத் தீர்மானித்தார்கள்.

மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுபடி தப்பு. இந்த முறை யாரும் வாய்க்கரிசி கொண்டுவரவில்லை. பிரட்டுக்களத்தில் மேடை, வாழைமரம், ஒலிபெருக்கி. செய்தி கேட்டுச் சந்திரகாந்தா குழந்தையோடு வந்து முன்வரிசையில் வேலம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். குழந்தைக்கு அப்போது பதினொரு மாதம்.

தலைவர் சிங்களத்தில் பேசினார். நான் மொழிபெயர்த்தேன்.

"நான் சுவிஸ் நாட்டில் எவ்வளவோ முயன்றேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் என் கைகள் மேலே நிற்கவில்லை. இந்த எளிய மனிதர் ஐந்து மணித்தியாலம் உயர்த்தியிருக்கிறார். இந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? சரியான மேற்பார்வையிலிருந்து வந்தது. ஒருவனை அவன்பாட்டுக்கு விட்டால் மூன்று நாள் செய்வான். பூட்டி வைத்துச் செய்வித்தால் ஏழு மாதம் செய்வான். ஆகவே வருகிற வருடத்திலிருந்து எல்லா விடுமுறைகளையும் இதே மாதிரி ஒழுங்கு செய்ய உத்தேசித்திருக்கிறோம்."

கைதட்டல் எழுந்தது. தொடங்கியவர் மாணிக்கவாசகம்.

பரிசு ஒரு பயணப்பெட்டி. பூட்டும் சாவியும் உள்ள நல்ல தோல் பெட்டி. காம்பரா இருக்குமா இல்லையா என்று தெரியாத மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான பரிசு கிடையாது. பொன்னையா இடது கையால் வாங்கினார். பரிசை ஒற்றைக் கையால் வாங்குகிறானே என்று தலைவரின் முகம் சற்று மாறியது.

பிறகு பரீட்சை. மாணிக்கவாசகம் நாற்காலியிலிருந்து புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். "பயிற்சி ஒன்று. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்து."

இடது கை உயர்ந்தது. வலது கை தொடையோடு கிடந்தது. இருபத்தெட்டு வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. பொன்னையா தோளை மட்டும் இரண்டு மூன்று தரம் உலுக்கிப் பார்த்தார். கை வரவில்லை.

"இரண்டு கைகளையும்," என்றார் மாணிக்கவாசகம்.

"அவ்வளவுதாங்க வருது."

"கார்டில் ஐந்து மணித்தியாலம் என்று இருக்கிறதே."

"அங்க வந்துச்சுங்க. அவுங்க கட்டி விட்டாங்க."

முன்வரிசையில் குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய கை உயர்ந்ததைக் கண்டதும், தூக்கச் சொல்லித் தன்னுடைய இரண்டு கைகளையும் மேலே நீட்டியது. நேராக, விறைப்பாக, புத்தகத்துப் படத்தில் இருப்பது போலவே.

"பார்," என்றார் மாணிக்கவாசகம். "ஒரு கைக்குழந்தை செய்கிறது."

தொரையும் தலைவரும் மாணிக்கவாசகமும் கலந்து பேசினார்கள். இலக்கு இரண்டு கை, எழும்பியது ஒரு கை. ஆகவே பொன்னையாவின் பேர் செக்ரோலில் திரும்பப் போடப்படும். ஆனால் இனிமேல் என்றைக்கும் அரைப்பேர். அரைப்பேர்க்காரனுக்குக் காம்பராவிலும் பாதி. மற்றப் பாதியில் வேறொரு குடும்பம் வைக்கப்படும். தோட்ட வழமைக்கும் சபை விதிக்கும் இது ஒத்து வருகிறது என்று எல்லாருக்கும் திருப்தி. தொரை செக்ரோலை என்னிடம் நீட்டினார்.

பொன்னையா மேடையிலிருந்து இறங்கினார். பெட்டியைக் கீழே வைத்தார். குழந்தை இன்னும் கைகளைத் தாழ்த்தவில்லை. அவர் குனிந்து, இடது கையை அதன் இடுப்பைச் சுற்றிக் கொடுத்து, நெஞ்சோடு அணைத்து ஒரு கையாலேயே தூக்கினார். பாதி வழியில் சரிந்தது. வேலம்மா கை கொடுக்கப் போனார். "வேணாம், விடு," என்றார். முழங்காலில் தாங்கி, மறுபடி தூக்கி நிமிர்ந்தார். ஒன்பது மாதத்துக்கு முன் கேட்ட லீவு அப்போதுதான் முடிந்தது.

என் வாழ்க்கையில் நான் மேலதிகாரிகளிடம் கேள்வி கேட்டதில்லை. அன்றைக்கு ஒன்று கேட்டேன்.

"ஐயா, அவர் தூக்கிட்டாருங்க. அத பாரம் தூக்கல்ல சேத்து முழுப்பேர் போடலாங்களா?"

மாணிக்கவாசகம் புத்தகத்தைப் புரட்டினார். நியாயமான மனிதர், கேட்டதை உடனே தள்ளிவிடவில்லை. "குழந்தை எத்தனை இறாத்தல்?"

கொழுந்து நிறுக்கும் தராசு பக்கத்திலேயே இருந்தது. சந்திரகாந்தா குழந்தையை வாங்கித் தட்டில் உட்கார வைத்தாள். குழந்தை சிரித்தது.

"பதினாலு," என்றேன்.

"இலக்கு இருபது. சேராது," என்றார் அவர். பிறகு சந்திரகாந்தாவைப் பார்த்து, "பிள்ளைக்கு நன்றாகச் சாப்பாடு கொடு," என்று புத்திமதி சொல்லிவிட்டு, ஜீப்பில் ஏற்ற இரண்டு பேரைக் கூப்பிட்டார்.

நான் பொன்னையாவின் பேருக்கு நேரே அரை என்று எழுதினேன்.